பதில்: கேமரன்மலை குடுவைச் செடி நம்ம ஊர்ல வருமா?

அக்கா, நானும் சுங்கை சிப்புட்தான். கேமரன்மலையில வாங்குன பெரியோக் கெராவுல (குடுவைச் செடிக்கு மலாய்ப் பேரு) இலை மட்டும் வருது, குடுவை வராம நுனி கருகுது, கோழி எரு கூட போட்டுப் பார்த்தேன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல அந்த எருவை நிறுத்துங்க லா. மண்ணுல சத்து இல்லாததாலதான் அது குடுவை வச்சு பூச்சி புடிக்குது, எரு போட்டா வேர் கருகிடும், குடுவையும் வராது. மண்ணை மொத்தமா மாத்திடுங்க, ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) போதும், ஊத்துறது மழைத்தண்ணி.

போட்டோ பார்த்தா குடுவைச் செடியில நெப்பந்தஸ் சங்குனியாங்கிற வகை மாதிரிதான் தெரியுது, அது மலைச்செடி, கேமரன்ல 1,500 மீட்டர் உயரத்துல ராத்திரி குளிரும், இங்க செம்பனைக்கு நடுவுல ராத்திரியும் புழுங்குது, நிழல்ல வச்சா பிழைச்சுக்கும் ஆனா குடுவை நிறைய எதிர்பார்க்காதீங்க.

உங்களுக்கு ஆசை இருக்குன்னு தெரியுது, அதனால சொல்றேன், நெப்பந்தஸ் அம்புலாரியா வளர்த்துப் பாருங்க. தாழ்நிலக் காட்டுச் செடி, நம்ம வெக்கை அதுக்குப் பிரச்சனையே இல்ல. குட்டிக் குட்டி குண்டுக் குடுவை தரையில கும்பலா முளைக்கும், பூச்சி மட்டுமில்ல, மேல இருந்து விழுற சருகுலயும் சத்து எடுத்துக்கும், மரத்தடியிலேயே வைங்க. லெமாங் (தேங்காய்ப்பால் ஊத்துன புளுட் அரிசிச் சோறு) அவிக்கிற குடுவை அதுதான் (நம்மளோடத அவிச்சிடாதீங்க). புதுக் குடுவை மூடி திறக்குற அன்னைக்கு டீ ஆறிப்போறது கூட தெரியாம நிப்பீங்க.

கினபாலு ராஜா செடின்னு (அதுவும் ஒரு குடுவைச் செடிதான், நெப்பந்தஸ் ராஜா) ஆன்லைன்ல எவனாச்சும் வித்தா பெர்மிட் பேப்பர் கேளுங்க, அது சைட்ஸ் (அழியுற நிலையில இருக்குற உயிரினங்களை விக்கிறதைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு.