தினமும் ஒரு குவார்ட்டர், அடிக்கடி நெஞ்சுச் சளி: சத்து டானிக் போதுமா?

திருமங்கலத்தை அடுத்த கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்கும் அவருடைய கணவருக்கு வயது 43. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இரவுதோறும் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பவர். ஓராண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா வந்து படுத்திருக்கிறார், காலில் பட்ட காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை, உடம்பும் இளைத்துவிட்டது. மருந்துக் கடையில் கொடுத்த எதிர்ப்பு சக்தி டானிக் பலன் தருமா, கார்த்திகையில் மாலை போட்டுக் குடியை நிறுத்தினால் இழந்த சக்தி திரும்புமா என்பவை அவருடைய கேள்விகள்.

டானிக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எடை குறைந்து, திரும்பத் திரும்ப நெஞ்சில் சளி கட்டும் ஒருவருக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் சத்து மருந்து கொடுப்பது நாளைக் கடத்துவதில்தான் முடியும். ஆறாத காயத்துக்காகச் சர்க்கரைப் பரிசோதனையும் தேவை. பழியைக் குடியின் மீது போட்டுவிட்டுச் சர்க்கரையைத் தவறவிடக் கூடாது. சளிப் பரிசோதனையும் காசநோய் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், திருமங்கலத்துக்கு அருகிலேயே தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கின்றன.

“குவார்ட்டர்தானே” என்று பலரும் சொல்வதுண்டு. 42.8 சதவீதச் சாராயச் செறிவுள்ள 180 மில்லி மதுவில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் 40 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் கணவர் அந்த எல்லையைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நுரையீரலில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகள்தாம் தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. நெடுநாள் குடியில் அவற்றின் அசைவு மந்தமாகிறது. அதைத் தாண்டி உள்ளே இறங்கும் கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டியவை காற்றறைகளில் உள்ள மேக்ரோஃபேஜ் என்னும் அணுக்கள். அவற்றைப் பாதுகாக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளை ஆல்கஹால் கரைத்துவிடுவதால், அணுக்கள் இருந்தும் கிருமியைச் சரிவர விழுங்குவதில்லை. போதையில் அயர்ந்து தூங்குபவருக்கு இருமலும் எழாது என்பதால், எச்சிலும் வாந்தியும் கிருமிகளோடு நெஞ்சுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. சளிக்கு மருந்தென்று பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

காயம் ஆறாததற்கும் இதனோடு தொடர்பு இருக்கலாம். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவர வேண்டிய வெள்ளணுக்களின் உற்பத்தி எலும்பு மஜ்ஜையிலேயே குறைகிறது. வருபவையும் தாமதமாக வருகின்றன. குடலின் உட்சுவரும் தளர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களின் நச்சு கசிந்து கல்லீரலை அடைவதால், ஓயாத ஓர் அழற்சி உடலில் நிலைத்துவிடுகிறது. எதிர்ப்பு அமைப்பு ஒரு பக்கம் வீணாகக் கொதித்துக்கொண்டும், வேண்டிய இடத்தில் செயலற்றும் கிடக்கிறது. ஆகவே அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் டானிக்குக்கு இங்கே வேலையில்லை. கறியும் மீனும் நன்றாகச் சாப்பிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பதும் அப்படித்தான். சாப்பாடு போதை ஏறும் வேகத்தைக் குறைக்குமே தவிர, குடித்த ஆல்கஹாலைக் குறைக்காது.

நிறுத்தினால் சக்தி திரும்புமா என்றால், பெரும்பகுதி திரும்பும். குடற்சுவரின் கசிவு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். வெள்ளணுக்கள் தேற வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகலாம். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டிருந்தால் முழுமையாகத் திரும்பாது, ஆனால் மேலும் கெடுவதைத் தடுக்க முடியும். மாலை போட்டு ஒரு மண்டலம் நிறுத்துவது நல்ல தொடக்கமே. மாலையைக் கழற்றிய இரவே மீண்டும் பாட்டிலைத் திறந்தால் கிடைத்த பலன் நிலைக்காது.

அதைவிட எனக்குக் கவலை தருவது நிறுத்தும் முறை. தினமும் குடிப்பவர் வீட்டில் இருந்தபடியே திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையொட்டி இரண்டு மூன்று நாட்களில் இல்லாததைக் கண்டு பேசும் குழப்பமும் வரக்கூடும். இது உயிருக்கே ஆபத்தானது. முந்தைய ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது. மாலை போடும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்தச் செய்யுங்கள். அங்கே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். குடிப்பவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் சத்து அதுதான். குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்பதைச் சோற்றில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த மருத்துவர் கண்காணிப்பில் தரும் மருந்து) இருந்து, மேலே மதுவும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். மனம் ஒப்பாமல் அவர் தயங்கினால், 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நீங்களே பேசி வழி கேட்கலாம்.

காசநோய் உறுதியானால், சிகிச்சைக் காலம் முழுவதும் மது ஒரு துளியும் கூடாது. அந்த மாத்திரைகளில் சில கல்லீரலைத் தாக்கக்கூடியவை, மதுவோடு சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு அதிகம். நோயாளிக்கு நல்ல உணவு கிடைப்பதற்காக, நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். காசநோய் இல்லையென்று தெரிந்தால், நிமோகாக்கல், ஃபுளூ, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டானிக்குக்குக் கொடுக்கும் பணத்துக்கு அது நல்ல செலவு.