ஃப்ளை ஃபிஷிங்குக்கான லீடரை வாங்குவதா, நாமே முடிந்துகொள்வதா?

இறகால் கட்டிய செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிப்பதே ஃப்ளை ஃபிஷிங்; அதில் லைன் எனப்படும் தடித்த வீச்சுக் கயிற்றையும் பூச்சியையும் இணைக்கும், நுனிநோக்கி மெலியும் நரம்புதான் லீடர். காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்களில் ஜிலேபியும் விராலும் பிடிப்பதற்கும், கோடையில் ஒரு நடை நீலகிரிக்குப் போய் ட்ரவுட் பிடிப்பதற்கும் 5 எடைக் கோல் (எண் அது வீசும் லைனின் கனத்தைக் குறிக்கும்) ஒன்றை வாங்கியிருப்பதாகவும், வெளிநாட்டு லீடர்களின் விலை கட்டுப்படியாகாததால் நாமே செய்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்மாய்க்கு நீங்களே முடிந்துகொள்ளுங்கள், நீலகிரிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். விலையை விட, தண்ணீரும் மீனும் இரண்டு இடத்திலும் வேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃப்ளையில் அந்த எடை லைனிலேயே இருக்கிறது. 5 எடை லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். அதன் முனையில் கட்டும் இறகுப்பூச்சிக்கோ எடை என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. லைன் சுருள் விரிந்து முன்னே செல்லும் வேகத்தை அறுபடாமல் வாங்கி, படிப்படியாகத் தணித்து, பூச்சியைத் தண்ணீரில் அலுங்காமல் இறக்குவதே லீடரின் வேலை. மாட்டுவண்டிப் பந்தயச் சாட்டை அடியில் தடித்து நுனியில் மெலிவது எதற்காகவோ, லீடர் மெலிவதும் அதற்காகவேதான். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் நுனி நரம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லைனோடு சேரும் அடிப்பகுதி மெலிதாகவோ தொய்வாகவோ இருந்தால், நுனியில் எவ்வளவு உயர்ந்த நரம்பைக் கட்டினாலும் எல்லாம் ஒரே குவியலாகத்தான் விழும்.

அடிநரம்பின் தடிமன் லைன் முனையின் தடிமனில் பாதிக்குக் குறையாமலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் இருப்பது நல்லது. 5 எடை லைனுக்கு 0.50 மி.மீ. நைலான் நரம்பு பொருந்தும். தொண்டி, ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மீன்பிடிச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சுருளில் போட்டிருக்கும் பெயரைப் பார்த்து வாங்காமல், ஒரு சாண் நரம்பை வளைத்துப் பிடித்துவிட்டு விடுங்கள். விட்டவுடன் விறைத்து நிமிர்வது அடிப்பகுதிக்கும், சோம்பலாக நிமிர்வது நுனிப்பகுதிக்கும் ஆகும்.

அளவுகளுக்கு, ஃப்ளை ஃபிஷிங் வல்லுநர் சார்லஸ் ரிட்ஸ் பெயரால் அறியப்படும் 60–20–20 என்ற பழைய கணக்கு இருக்கிறது. மொத்த நீளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு தடித்த அடிப்பகுதி, இருபது பங்கு விரைந்து மெலியும் நடுப்பகுதி, மீதி இருபது பங்கு டிப்பெட் எனப்படும் நுனி நரம்பு. இதன்படி 9 அடி லீடருக்கு 0.50 மி.மீ. நரம்பில் 90 செ.மீ., 0.45-இல் 40, 0.40-இல் 30, பிறகு 0.35-இல் 20, 0.30-இல் 20, 0.25-இல் 15, கடைசியாக 0.20-இல் 55 செ.மீ. என்று வரும். இவை முடிச்சுக்குச் செலவாகும் நரம்பு நீங்கலாகச் சொன்ன அளவுகள். வெட்டும்போது இரு முனையிலும் நாலு விரற்கடை கூட்டி வெட்டுங்கள்.

ஆனால் கண்மாயில் இந்த ஏழு துண்டு லீடர் உதவாது. பாசி படர்ந்த தண்ணீரில் நாலைந்து முறை வீசி இழுத்தால், ஒவ்வொரு முடிச்சிலும் பச்சை நூல்போல் பாசி சுற்றிக்கொண்டு வரும். அந்தப் பாரத்தோடு வீச்சும் கெடும், பூச்சிக்குப் பின்னால் வரும் ஜிலேபியும் விலகிப்போகும். ஆதலால் இங்கே முடிச்சுகள் குறைவாக, ஏழு அடிக்குள், நாலே துண்டுகள் போதும்: 0.50-இல் 90 செ.மீ., 0.40-இல் 40, 0.30-இல் 30, 0.25-இல் 50. செம்மண் கரைந்த தண்ணீரில் மீனுக்கு நரம்பு தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குட்டை லீடர் எதிர்க்காற்றிலும் நன்றாக விரியும்.

அடுத்தடுத்த துண்டுகளின் வேறுபாடு 0.05 மி.மீ. அளவில் இருக்குமானால் பிளட் நாட் என்ற முடிச்சு சிறந்தது. இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, முனைகளை நடுவிலுள்ள இடைவெளியில் எதிரெதிர்ப் பக்கமாக நுழைத்து, எச்சில் தொட்டு நனைத்து, நிதானமாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் பலம் இழந்துவிடும். சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாகப் படிய வேண்டும். ஒரு சுற்று மற்றதன்மேல் ஏறியிருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். நான் சொன்ன நாலு துண்டு லீடரில் வேறுபாடு பெரிது என்பதால், இரு நரம்புகளையும் சேர்த்துப் பிடித்து வளையம் செய்து, அதற்குள் மூன்று முறை நுழைத்தெடுக்கும் சர்ஜன் முடிச்சே பாதுகாப்பு. அடிமுனையில் ஒரு வளையம் போட்டு வைத்தால், லைன் முனையிலுள்ள வளையத்தில் கோத்து நொடியில் மாற்றலாம்.

விரால் தனிக் கணக்கு. அல்லிக் கொடிக்குள் பாயும் மீனை மெல்லிய நரம்பால் நிறுத்த முடியாது. அதன் பற்களும் சும்மா விடாது. 0.50-இல் மூன்று அடி, 0.40-இல் இரண்டு அடி என்று இரண்டே துண்டுகளாக முடிந்துகொள்ளுங்கள். உங்கள் 5 எடைக் கோல் சிறிய தவளைப் பொம்மையை வீசும். பெரியதற்கு 8 எடை வேண்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் காவல் நிற்கும் தாய்விராலுக்கு மட்டும் வீசாதீர்கள். கண்மாயில் இறங்குமுன் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தாலே நம் ஊர்ப் பெரியவர்கள் பொறுக்கமாட்டார்கள், தூண்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீலகிரிக்கு, முடிச்சில்லாமல் ஒரே இழையாக மெலியும் 9 அடி லீடரை வாங்குங்கள். மீன்வளத் துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். உறையில் நுனியின் தடிமனைக் குறிக்க 4 எக்ஸ், 5 எக்ஸ் என்று போட்டிருக்கும். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று தெரியும்; 5 எக்ஸ் என்பது 0.006 அங்குலம், அதாவது 0.15 மி.மீ. தூண்டில் முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏற்ற எக்ஸ் கிடைக்கும்: 12-ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், 16-க்கு 5 எக்ஸ். மிதக்கும் பூச்சிக்கு நைலான் டிப்பெட்டையும், மூழ்குவதற்கு அடர்த்தி மிகுந்த ஃப்ளூரோகார்பன் நரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய லீடரிலும் டிப்பெட்டைத் தனியாகக் கட்டி, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றிவந்தால் ஒரு லீடர் நெடுநாள் வரும். நைலான் சுருள்களைக் காருக்குள் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவை சீக்கிரம் இற்றுப்போகும்.