அண்ணாச்சி பதில்கள்: வீட்டு ஜெபம், கூந்தன்குளம், ஓட்டு

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மனைவி ஆசிரியை. மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. சி.எஸ்.ஐ. சபை. நேரம் கிடைத்தால் பைனாகுலரோடு ஏதாவது ஒரு குளக்கரையில் இருப்பேன். குடும்பம், பறவை, அரசியல் எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததற்கு நீளமாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

வள்ளியூர் தம்பி: தோத்திரம் அண்ணாச்சி. வீட்டு ஜெபத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைக்கவே முடியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

தோத்திரம் தம்பி. முதலில் நேரத்தைக் குறையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கீர்த்தனை, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். நான் கடையிலிருந்து வரத் தாமதமானால் மனைவி நடத்திவிடுவாள். அப்பா வந்த பிறகுதான் ஜெபம் என்று பிள்ளைகளைப் பசியோடு காக்க வைப்பதில்லை.

வேதத்தைப் பிள்ளைகள்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். தமிழை நிறுத்தி வாசிக்கிற இடம் அவர்களுக்கு வீட்டில் இது ஒன்றுதான். தடுமாறினால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். என் மகள் வாரக்கணக்கில் ஒரே கீர்த்தனையைக் கேட்பாள், அதையே பாடுவோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஜெபத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இவன் கணக்கில் மார்க் வாங்கவில்லை, இவனுக்குக் கீழ்ப்படிகிற மனதைத் தாரும்" என்று எல்லார் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அப்பாக்கள் நம் சபைகளில் அதிகம். அந்தப் பையனால் பதில் பேச முடியாது. அப்புறம் அவன் ஜெபத்துக்கு வராமல் ஒளிவதில் என்ன ஆச்சரியம்? குறை இருந்தால் நேரில் பேசுங்கள்.

திசையன்விளை, ஒரு தங்கச்சி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்? பிள்ளைகளோடு போனால் என்ன பார்க்கலாம்?

ஜனவரியிலிருந்து மே வரை. அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து குளம் நிரம்பிய வருஷம் கூட்டம் கூட்டமாகப் பறவை இருக்கும். வறண்ட வருஷத்தில் வெறும் கரைதான். கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

விசேஷம் என்னவென்றால், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். அந்த ஊர் ஜனங்கள் எச்சத்தையும் நாற்றத்தையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அவற்றைக் காக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1994-ல்தான் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது, 2022-ல் ராம்சார் என்கிற உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க் காவல் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்தும் வரும். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காகம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நாசரேத், பெயர் வேண்டாம் என்றவர்: ஞாயிறு காலை பறவை பார்க்கப் போவீர்களா, ஆராதனைக்கா?

ஆராதனைக்கு. பறவை சனிக்கிழமையும் இருக்கும்.

அம்பை, ஒரு அக்கா: மனைவியும் வேலைக்குப் போகிறார். வீட்டு வேலை யார் செய்வது?

இரண்டு பேரும்தான் அக்கா. காலைச் சமையல் அவள், பாத்திரமும் துணியும் நான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என் பொறுப்பு. மீன் வாங்கினால் சுத்தம் செய்வதும் நான்தான். மகனுக்கும் மகளுக்கும் ஒரே வேலைதான் கொடுக்கிறேன், மகள் என்பதற்காகத் துடைப்பம் அவள் கைக்கு மட்டும் போவதில்லை. கிறிஸ்மஸ் சமயத்தில் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சுவது மட்டும் அம்மாவின் அதிகாரம், அதில் யாரும் கை வைப்பதில்லை. அல்வா முதலூரிலிருந்து வரும், தேங்காய்ப்பால் மஸ்கோத்.

தென்காசி: கூந்தன்குளம் எந்த மாசம் நல்லது அண்ணாச்சி?

மேலே திசையன்விளைத் தங்கச்சிக்கு எழுதியிருக்கிறேன்.

சுரண்டை: மகளுக்கு ஒரு வாரமாக இருமல். என்ன மருந்து கொடுக்கலாம்?

டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிள்ளையைப் பார்க்காமல் நான் மருந்து சொல்ல மாட்டேன்.

மேலப்பாளையம் நண்பர்: கிறிஸ்தவர்கள் யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

யாருக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. பிரசங்க மேடையிலிருந்து ஐயரும், அதாவது சபைப் போதகரும், சொல்லக் கூடாது. மதத்தைக் காட்டி வேட்பாளர் ஓட்டுக் கேட்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் முறைகேடு. அந்த வேலையை அவருக்காகச் சபை செய்து கொடுப்பது எந்த விதத்தில் சரி?

நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற தாமிரபரணிதான் நம் குடிநீர். நகரத்துச் சாக்கடை அதில்தான் விழுகிறது. அதைப் பற்றி வேட்பாளர் என்ன சொல்கிறார், ஜெயித்த பிறகு என்ன செய்தார் என்று கேட்பேன். அடுத்தது குளங்கள். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் சாதி. இந்த மூன்றைப் பற்றியும் பேசாதவர் எந்தக் கட்சி என்றாலும் என் ஓட்டு கிடையாது. எங்கள் வீட்டில் அரசியல் சாப்பாட்டு நேரத்தில் பேசப்படும், பிள்ளைகள் எதிர்த்துப் பேசலாம். மகன் என்னோடு ஒத்துப்போவது குறைவு. அது எனக்குச் சந்தோஷம்தான்.

களக்காடு, ஒரு தகப்பன்: பையன் கையில் கலர் கயிறு கட்டி வருகிறான். எல்லாரும் கட்டுகிறார்கள், சும்மா ஸ்டைல் என்கிறான். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நம் பக்கத்தில் எந்த நிறம் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், சாதி நிறம் பூசிய சைக்கிள் எதுவும் பள்ளிக்கு வரக் கூடாது என்று அது சொல்கிறது.

கயிற்றைப் பிடித்து அறுத்தால் அவன் வாசலைத் தாண்டியதும் வேறு கட்டுவான். யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் ஒன்று கட்டி வந்தான். நாங்குநேரிச் செய்தியை அவனையே முழுதும் வாசிக்க வைத்தேன். அந்தத் தங்கைக்கும் வெட்டு விழுந்தது என்ற வரியில் நிறுத்திவிட்டான். அவனுக்கும் ஒரு தங்கை உண்டு. அவனாகவே கழற்றினான். வேதப்பாடப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளை என்பதால் இது வராது என்று நம்பாதீர்கள்.

சாத்தான்குளம் சகோதரர்: கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28 வசனத்தை அறிந்த நாம் சபையில் சாதி இல்லை என்கிறோம். பிறகு தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கேட்பது முரண்பாடு இல்லையா? இது நம் விசுவாசத்துக்கே அவமானம்.

இந்தக் கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பொறுமையாக வாசியுங்கள்.

சபையில் சாதி இருக்கக் கூடாது என்பது வசனம். சபையில் சாதி இல்லை என்பது தகவல், அந்தத் தகவல் பொய். 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுசாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிறது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனி. "சி.எஸ்.ஐ. மணமகள் தேவை" விளம்பரத்தில் அடுத்த வார்த்தை என்ன என்று உங்களுக்கே தெரியும். அவமானம் அங்கே இருக்கிறது. உரிமை கேட்பதில் அவமானம் இல்லை.

இப்போது சட்டம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை எஸ்.சி. பட்டியலை இந்துக்களுக்கு என்று வைத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லவே இல்லை. கிறிஸ்தவப் பழங்குடி, பழங்குடியாகவே இருக்கிறார். மதம் மாறினால் சாதி போய்விடும் என்றால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் ஏன் கொடுத்தார்கள்?

தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர் பி.சி. ஆகிவிடுகிறார். 18 சதவீத ஒதுக்கீட்டுப் பிரிவில் நின்றவர் 26.5 சதவீத ஒதுக்கீட்டுப் பிரிவில், தலைமுறைகளாகப் படித்த, நிலமுள்ள சாதிகளோடு போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சாதியைச் சொல்லி அடித்தாலும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

அதே சகோதரர் மறுபடி: உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டதே?

1985 சூசை வழக்கைச் சொல்கிறீர்கள். சூசை, சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் அதே வேலை செய்த இந்துவுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவரான பிறகும் அந்த இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டும் ஆதாரம் வைக்கப்படவில்லை என்றுதான் நீதிமன்றம் மறுத்தது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. விஷயம் முடிந்துபோகவில்லை.

உடன்குடி தம்பி: அப்படியானால் ஏற்கெனவே உள்ள எஸ்.சி. மக்களின் பங்கு குறையுமே?

இத்தனை கேள்விகளில் நேர்மையான கேள்வி இதுதான் தம்பி. ஆமாம், ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டாமல் ஆளை மட்டும் சேர்த்தால் குறையும். அந்த மக்களோடு உட்கார்ந்து பேசாமல் சபைத் தலைவர்கள் மனு மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அளவைக் கூட்டித்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பில் பங்கு என்ற பேச்சே கிடையாது. அதைக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் குறையாது.

ஸ்ரீவைகுண்டம்: நீங்கள் என்ன சாதி? அதனால்தான் இவ்வளவு பேசுகிறீர்களா?

என் சான்றிதழில் பி.சி. இந்தக் கோரிக்கை நிறைவேறினால் எனக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. லாபம் இருப்பவர்தான் பேச வேண்டும் என்று நினைப்பதால்தான் நம் சபைகளில் இதை யாரும் பேசுவதில்லை.

சாத்தான்குளம் சகோதரர் மூன்றாம் முறை: இதையெல்லாம் பிள்ளைகள் முன்னால் பேசினால் சபை மேல் வெறுப்பு வராதா?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் இருந்தால் அடக்கத்துக்கு வருகிற பிள்ளை அதைப் பார்க்காதா? அப்பா அதைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அப்பாவுக்கு அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். நான் பேசியதால் என் பிள்ளைகள் சபையை விட்டுப் போகவில்லை. மகள் பாடகர் குழுவில் பாடுகிறாள். மகன் வாலிபர் சங்கத்தில் இதே கேள்வியைக் கேட்டுத் திட்டு வாங்கி வந்தான். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த மீனை வாங்கிப் பொரித்துக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் இனி பதில் எழுதமாட்டேன் சகோதரரே, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முக்கூடல், ஒரு மாணவி: நான் தலித் கிறிஸ்தவர். கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா?

விண்ணப்பம் போடு மகளே. எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கும் தமிழக அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு வருஷம் 2.5 லட்சம். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு, கல்லூரி அலுவலகத்தில் கேள். யாராவது உனக்குக் கிடையாது என்றால், எழுத்தில் தரச் சொல்.

வீரவநல்லூர்: கூந்தன்குளம் சீசன் எப்போது? டிரோன் பறக்கவிடலாமா?

சீசன் மேலே இருக்கிறது, ஏறிப் பாருங்கள். டிரோன் கூடவே கூடாது. கூட்டின் மேல் பெரிய பருந்து வந்ததாக நினைத்துக் கூட்டமே கலைந்துவிடும், குஞ்சுகள் கீழே விழும். கூட்டுக்குக் கீழேயும் நிற்காதீர்கள், மேலேயும் எதையும் பறக்கவிடாதீர்கள்.

சேரன்மகாதேவி: முதல் பைனாகுலர் எது வாங்கலாம்?

8×42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கையில் ஆடாது. முகப்புக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதைப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் பறவையே கண்ணில் நிற்காது. பொங்கலையொட்டி ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பொதுமக்களும் சேரலாம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். எண்ணிப் பழகுவதற்கு உங்கள் ஊர்க் குளத்திலேயே இப்போது ஆரம்பிக்கலாம்.

பேட்டை: கூந்தன்குளம் போக எந்த மாசம்...

ஜனவரி முதல் மே. தண்ணீர் இருந்தால்.