ஒரே பாட்டு மூன்று தடவை

அன்புள்ள சார்,

சேலத்தில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ஓர் இசைப் பத்திரிகை தயாரிக்க வேண்டும். ஆய்வுக்காக வகுப்பில் நாற்பது பேரிடம் கூகுள் ஃபார்மில் எந்த இசை பிடிக்கும் என்று கேட்டுவிட்டேன். 18 பக்கம், நடுவில் பின். அட்டையில் எங்கள் ஊர் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு. பின்னணி மஞ்சளா சிவப்பா என்பதில்தான் குழப்பம். உங்கள் ஆலோசனை வேண்டும்.

க., சேலம்

அன்புள்ள க,

18 பக்கம் வராது. தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் தாளுக்கு நான்கு பக்கம். 16 அல்லது 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் போய்த் திட்டு வாங்க வேண்டாம். வளைவும் வேண்டாம். ஏற்காடு போகிறவர்கள் எல்லோருடைய போனிலும் அந்தப் படம் இருக்கிறது.

உங்கள் கூகுள் ஃபார்மைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வகுப்பு, உங்கள் வயது, உங்கள் வாட்ஸப் குரூப். இதற்கு ஆய்வு என்று பெயரா? கண்ணாடியைப் பார்த்துக் கேட்டிருந்தால் நெட் செலவாவது மிச்சமாகியிருக்கும். என்ன பிடிக்கும் என்று கேட்டால் மனிதர்கள் கௌரவமான பதிலைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

திட்டுகிறேனே தவிர, உங்கள் வயதில் நான் செய்தது இன்னும் மோசம். 1988-இல் நாங்கள் மூன்று பேர், ஸ்டென்சில் வெட்டி நகலெடுக்கிற சைக்ளோஸ்டைலில் ஓர் இசைப் பத்திரிகை நடத்தினோம். மொத்தம் இரண்டு இதழ். ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நண்பன் எங்கிருந்தோ என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் பழைய இதழ்கள் நாலைந்து கொண்டுவந்தான். அதைப் பார்த்து லண்டன் இசைக்குழுக்களைப் பற்றி எழுதித் தள்ளினோம். அவர்களுடைய ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை.

ஸ்டென்சில் வெட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அம்மாப்பேட்டையில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில்தான் கிடப்போம். பாட்டுப் பட்டியலோடு வருகிறவர்களுக்கு அறுபது நிமிட கேசட்டில் பதிந்து கொடுப்பார் அந்தக் கடை அண்ணன். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. யார் என்ன கேட்டார் என்று நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைப்பார். ஒரு நாள் சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் வந்து பட்டியலைக் கொடுத்தார். பி பக்கத்தில் ஒரே பாட்டு மூன்று தடவை. தப்பா எழுதிட்டீங்களா என்று கேட்டார் அண்ணன். "ராத்திரி வண்டி ஓட்டறப்ப ரீவைண்ட் பண்ணக் கை வராதுங்க" என்றார் அவர். அண்ணன் எதுவும் சொல்லாமல் நோட்டில் அந்தப் பாட்டுக்கு எதிரே 3 என்று எழுதிச் சுழித்தார்.

நாங்கள் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். அது என்ன பாட்டு என்றுகூட நான் பார்க்கவில்லை, க. கடையும் போய்விட்டது, நோட்டும் போய்விட்டது.

பின்னால் படித்தபோதுதான் உறைத்தது. நாங்கள் காப்பியடித்த அதே என்.எம்.இ., 1952 நவம்பரில் பிரிட்டனின் முதல் ரெக்கார்டு விற்பனைப் பட்டியலைப் போட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் இருபது கடைகளுக்குப் போன் போட்டு எந்த ரெக்கார்டு அதிகம் விற்றது என்று விசாரித்தார். பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியல். அவர் கேட்டது கடைக்காரர்களை. எங்களுக்கோ நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இப்போது கேசட் கடை இல்லை, சரி. டவுன் பஸ்ஸில் பென்டிரைவ் இருக்கிறதே? காலை ஏழு மணி டிரிப்புக்கு என்ன பாட்டு, ராத்திரி கடைசி டிரிப்புக்கு என்ன பாட்டு, எதைப் போட்டால் பயணிகள் மாற்றச் சொல்கிறார்கள் என்று டிரைவரிடம் கேளுங்கள். ஓடுகிற வண்டியில் கேட்காதீர்கள், ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை அடிக்கிறவர்களிடம் யார் எந்த அடியைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். கையோடு ஒரு நோட்டு கொண்டுபோங்கள். பாட்டின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு மஞ்சளே இருக்கட்டும்.