பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை: டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு தாய்): ஐயா, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், அதுதான் சட்டம் என்று பிரிந்துபோன என் கணவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை, அம்மா. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் எந்தச் சதவீதத்தையும் குறிப்பிடவில்லை. பிள்ளைகளின் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு நியாயமாக என்ன தேவை என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தச் சுமையைத் தாயும் தந்தையும் தத்தம் வசதிக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே அது சொல்கிறது.

வாடகை, மளிகை போன்ற பொதுச் செலவுகளில் பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது நீதிமன்றங்களில் வழக்கமாக உள்ளது. நீங்களும் இரண்டு பிள்ளைகளும் வாழும் வீட்டில் இவை மாதம் 12,000 ரேண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு பங்குகள். அவற்றில் பிள்ளைகளுடையவை இரண்டு, அதாவது 6,000 ரேண்ட். பள்ளிக் கட்டணம், போக்குவரத்து, மருந்து என்று பிள்ளைகளுக்கே உரிய செலவு 3,000 ரேண்ட் என்றால், அவர்களின் தேவை 9,000 ஆகிறது. பிடித்தம் போக அவர் 24,000 ரேண்டும் நீங்கள் 12,000 ரேண்டும் பெற்றால், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவர் 6,000, நீங்கள் 3,000 ஏற்க வேண்டியிருக்கும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. இருவரின் தவிர்க்க முடியாத செலவுகளையும் பார்த்த பிறகே நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். ஆகவே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்; வாய்க்கணக்கு விசாரணையில் நிற்பதில்லை.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு தந்தை): மறுமணம் செய்துகொண்டேன், இப்போது கைக்குழந்தை இருக்கிறது. முதல் பிள்ளைகளுக்குத் தருவதைக் குறைக்கலாமா?

பதில்: முதல் மணத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்ற விதி இன்று இல்லை, எல்லாப் பிள்ளைகளும் சமம். ஆனால் நீங்களாகவே குறைத்துக்கொள்ள முடியாது. உத்தரவை மாற்றக் கோரும் ‘பி’ படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். நீதிமன்றம் மாற்றும் நாள்வரை பழைய தொகையே உங்கள் கடன். மறுமணம் செய்தவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: கோவிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. நான் கேட்க உரிமை உண்டா?

பதில்: உண்டு. பெற்றோர் மணந்தார்களா என்பது பிள்ளையின் உரிமையைப் பாதிக்காது. நீங்களோ பிள்ளையோ வசிக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், பராமரிப்புத் தொகை கோரும் ‘ஏ’ படிவம் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி (டோங்காட்): அவருக்குச் சொந்தக் கடை. வருமானமே இல்லை என்று சாதிக்கிறார்.

பதில்: ‘வசதி’ என்பது சம்பளச் சீட்டோடு முடிவதன்று, சொத்தும் வாழும் முறையும் அதில் அடங்கும். வங்கிக் கணக்கு விவரங்களையும் கடைப் பதிவேடுகளையும் கொண்டுவரச் செய்து விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அவர் ஓட்டும் வாகனம், கட்டும் தவணை, நீங்கள் அறிந்த வங்கிகளின் பெயர்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி, நீதிமன்றத்தில் இத்தகைய வழக்குகளைக் கவனிக்கும் பராமரிப்பு அதிகாரியிடம் கொடுங்கள்.

கேள்வி: உத்தரவு இருந்தும் பணம் வரவில்லை. பிள்ளையைப் பார்க்க விடாமல் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. பிள்ளை தந்தையைச் சந்திப்பது வேறு, பணம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். தவணை நாள் கடந்து பத்து நாளாகியும் பணம் வராவிட்டால், அவருடைய பொருள்களை ஜப்தி செய்யவும் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கவும் விண்ணப்பிக்கலாம். ஓய்வூதிய நிதியிலிருந்தும் பிடிக்க வழி உண்டு. தர இயலாத நிலை இல்லாமலே தவறியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். காலம் கடந்தது என்று நிலுவையைக் கைவிடவும் வேண்டாம். பராமரிப்பு உத்தரவு தீர்ப்புக் கடனுக்கு (நீதிமன்றத் தீர்ப்பின்படி செலுத்த வேண்டிய கடனுக்கு) சமம் என்றும், அது காலாவதியாக முப்பது ஆண்டுகள் ஆகும் என்றும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

கேள்வி: மகளுக்கு 18 வயது நிறைந்து, பல்கலைக்கழகம் செல்கிறாள். பொறுப்பு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. தன் காலில் நிற்கும்வரை பெற்றோரின் கடமை தொடரும். உங்கள் உத்தரவில் 18 வயதுவரை என்று எழுதியிருந்தால், அவளே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (மியர்பேங்க், ஒரு தாத்தா): மகனுக்கு வேலையில்லை. மருமகள் என்னிடம் கேட்கப் போவதாகச் சொல்கிறாள். நான் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டியிருக்கலாம், ஐயா. பெற்றோர் இருவராலும் முடியாதபோது அந்தக் கடமை தாத்தா பாட்டிகளுக்கு வரும். அது தந்தை வழிக்கு மட்டுமன்று, தாய் வழிக்கும் பொருந்தும். ஆனால் மருமகளின் வருமானத்தையும் உங்கள் மகன் உண்மையில் வேலை தேடுகிறாரா என்பதையும் ஆராயாமல் நீதிமன்றம் உங்களிடம் வராது. அழைப்பாணை வந்தால் தவறாமல் செல்லுங்கள். ஓய்வூதியச் சான்றையும் மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.