முடி வெட்டியவரும் சீக்கியர்தானா?

கேள்வி: அடுத்த மாதம் லூதியானாவில் என் மகளின் தோழிக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போகிறோம். தோழியின் அப்பா தலைப்பாகை, தாடி, இடுப்பில் சிறு கத்தி என்று இருக்கிறார். அண்ணனோ முடி வெட்டி, தாடியையும் மழித்திருக்கிறார். இவர்களில் யார் உண்மையான சீக்கியர்? சீக்கியம் இந்து மதத்தின் ஒரு பிரிவுதான் என்கிறார் என் கணவர். இதையெல்லாம் அவர்களிடமே கேட்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கல்யாண வீட்டில் அந்தப் 'பிரிவு' பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். குழப்பத்துக்கு நம் அரசியல் சட்டமும் ஒரு காரணம். அதன் 25-ஆவது பிரிவு, கிர்பான் என்கிற அந்தக் கத்தியை அணிவதைச் சீக்கிய மத உரிமையாக ஏற்கிறது. அதே பிரிவு, கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிடும் சட்டங்களுக்காக 'இந்து' என்பதில் சீக்கியரையும் சேர்க்கிறது. பலர் பின்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். சீக்கியர்களுக்குத் தனி வேதம், தனிக் குருமரபு, 1909 முதல் தனித் திருமணச் சட்டமும் உண்டு.

1469-இல் பிறந்த குரு நானக் சொன்னது உருவமற்ற ஒரே கடவுளை. உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து கொடு, இறைநாமத்தை மறக்காதே என்றார். சாதி பாராமல் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் லங்கரும் அவர் வழியில் வந்ததுதான். ஐந்தாம் குரு அர்ஜன் 1604-இல் தொகுத்த வேத நூலில் நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், முஸ்லிம் சூஃபி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில், ஜஹாங்கீர் காலத்தில், அந்தக் குரு லாகூரில் கொல்லப்பட்டார். 1675-இல் ஔரங்கசீப் காலத்தில் ஒன்பதாம் குரு தேக் பகதூரை டெல்லியில் தலை வெட்டிக் கொன்றார்கள்.

நீங்கள் பார்த்த கோலம் அவருடைய மகன், பத்தாம் குரு கோவிந்த் சிங் தந்தது. 1699-இல், வைசாகி என்கிற அறுவடைத் திருநாளில், பஞ்சாபின் ஆனந்த்பூரில் கூடிய கூட்டத்திடம், வாளை உருவி நின்று, "எனக்கு ஒரு தலை வேண்டும்" என்று கேட்டாராம். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூர், ஹஸ்தினாபுரம், துவாரகை, பூரி, பீதர் என்று ஐவருக்கும் ஊர் வேறு. தண்ணீர் சுமப்பவர், நாவிதர் என்று பல பிரிவினர். வாளால் கலக்கிய சர்க்கரைத் தண்ணீரை அமிர்தமாகக் கொடுத்து, அவர்களைக் 'கால்சா', அதாவது உறுதி ஏற்ற சீக்கியர் குழு, ஆக்கினார். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்தது. குரு அந்த ஐவர் முன்னே கைகட்டி நின்று, தனக்கும் அமிர்தம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அமிர்தம் பெற்றவர் வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்பு வளையம், கச்சேரா என்கிற உள்ளாடை, கிர்பான் ஐந்தையும் விடக்கூடாது. அந்த முடியைக் காக்கத்தான் தலைப்பாகை. ஐந்தில் அது சேராது. தோழியின் அப்பா அமிர்தம் பெற்றவராக இருக்கலாம். அண்ணன் அந்த உறுதியை ஏற்கவில்லை, அவ்வளவுதான். நானக்கின் வழி அவருக்கும் சொந்தம். வெளியாளான நாம் அவருக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

முடி விஷயத்தில் சீக்கியர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டு. 2016-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முடியையோ தாடியையோ வெட்டுபவர்களுக்கு, குருத்வாராக்களை (சீக்கியக் கோயில்களை) நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா கமிட்டியின் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. இன்னொரு வலியும் இருக்கிறது. 1984 நவம்பரில் டெல்லியில் தலைப்பாகையை அடையாளமாக வைத்துத்தான் ஆட்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். உயிர் பிழைக்க முடியை வெட்டியவர்கள் பலர். அதனால் "ஏன் வெட்டினீர்கள்?" என்று அண்ணனிடம் கேட்கவே கேட்காதீர்கள். அப்பாவிடம், அவர் கடைப்பிடிக்கும் நெறிகளைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். குருத்வாராவில் ஆண், பெண் எல்லாரும் தலையை மூட வேண்டும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். புகையிலை, மது கூடவே கூடாது. அக்னி இருக்காது, மணமக்கள் குரு கிரந்த் சாகிப் என்கிற வேத நூலை நான்கு முறை வலம் வருவார்கள். பிரசாதத்தை இரு கைகளையும் ஏந்தி வாங்குங்கள். அப்புறம் லங்கரில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் கை கொடுக்க மகளுக்கு ஆசை இருந்தால் அனுப்பிவையுங்கள், எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.