மாலை ஆனால் தள்ளாடுகிறதே, ஏன்?
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: வலது காதின் நரம்பில் 14 மி.மீ. கட்டி இருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிடங்கில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலை எனக்கு. காலையில் சமாளித்துவிடுகிறேன். மாலையில் கால் நேராகப் போவதில்லை. சட்டென்று வலது பக்கம் திரும்பினால் அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் ஏணி ஏறுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். மேல் தட்டுச் சரக்கை அண்ணாந்து பார்த்து எடுப்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

உங்களுக்கு வந்திருப்பதை வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்பார்கள். அகூஸ்டிக் நியூரோமா என்பது அதன் பழைய பெயர். உள்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைத் தகவலைக் கொண்டுபோகும் நரம்பின் உறையில் வளரும் கட்டி இது. பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். அதனால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறது. உலகமே சுற்றுவது போன்ற தலைச்சுற்றலை விட, உங்களுக்கு இருப்பது போன்ற தள்ளாட்டம்தான் இதில் அதிகம். கட்டியின் அளவை வைத்துத் தள்ளாட்டத்தை எடைபோட முடியாது. சிறிய கட்டி நிறையப் படுத்துவதும் உண்டு, பெரியது சும்மா இருப்பதும் உண்டு.

உடம்பு நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வேண்டும்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். உங்களுக்கு வலது காதின் தகவல் குறைந்துவிட்டது. மிச்சத்தை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கே ஒரு உழைப்பு, அதனால்தான் களைப்பு ஏற ஏறத் தள்ளாட்டமும் ஏறுகிறது. வலது பக்கம் வேகமாகத் தலையைத் திருப்பும்போது, கண்ணை எதிர்ப்பக்கம் இழுத்துப் பார்வையை நிலைநிறுத்த வேண்டிய அனிச்சைச் செயல் பிந்துகிறது. கண்ணும் தலையோடு சேர்ந்து போய், பிறகு தாவித் திரும்புகிறது. அந்த ஒரு கணம் அலமாரி மங்கும், கால் பின்னும்.

ஆகவே திரும்பும் முறையை மாற்றுங்கள். முதலில் நில்லுங்கள். போக வேண்டிய பக்கத்தில் அசையாத ஒரு பொருளைக் கண்ணால் பிடியுங்கள். அதன் பிறகு தலை, கடைசியாகக் கால். ஒரே காலில் சுழலாமல் இரண்டு மூன்று சிறு அடிகளாகத் திரும்புங்கள். ஒரு வாரம் செயற்கையாகத் தோன்றும், அப்புறம் பழகிவிடும்.

இருட்டான மூலைகளில் கண் உதவாது. மெத்தென்ற அல்லது மேடுபள்ளமான தரையில் பாதம் உதவாது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். அப்படிப்பட்ட மூலைக்கு விளக்குக் கேளுங்கள், இல்லாவிட்டால் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டாம். மெல்லிய, உறுதியான, வழுக்காத அடிப்பாகம் தரையை உணரவைக்கும். நடந்துகொண்டே பட்டியலைப் படிக்காதீர்கள்: நின்று படியுங்கள், பிறகு நடங்கள். இரண்டு கையிலும் பெட்டி தூக்கினால் கால் வைக்கும் இடம் மறைந்துவிடும். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுங்கள், பிடிமானமும் கிடைக்கும். நுணுக்கமாக எண்ண வேண்டிய வேலைகளை முற்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். களைத்த பிறகு ஓய்வு எடுப்பதை விட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காருவது மேல். வலது காதில் கேட்பதும் குறைந்திருந்தால் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. சரக்கு வண்டிகள் ஓடும் பாதையைக் கண்ணால் பார்த்த பிறகே கடக்க வேண்டும்.

பயிற்சி இல்லாமல் இது எதுவும் முழுதாகப் பலிக்காது. ஒரு காகிதத்தில் ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதி, கை நீட்டும் தொலைவில் கண் மட்டத்துக்குச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடம் வலமாக அசையுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் செய்து, ஓய்ந்து, மேலும் கீழுமாக ஒரு நிமிடம். இப்படி ஒரு நாளில் மூன்று நான்கு வேளை. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யலாம். நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் மூலையும் முன்னால் நாற்காலியும் இருக்கட்டும், எழுத்தை எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். லேசான கிறுகிறுப்பு வந்து சில நிமிடங்களில் அடங்கினால் அளவு சரி. ஒரு மணி நேரம் நீடித்தால் வேகம் கூடிவிட்டது. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் பார்த்து அளவைத் தீர்மானிப்பது நல்லது.

இதற்கிடையில் தலைவலியோடு வாந்தி, முக மரப்பு, இரட்டைப் பார்வை, திடீரென்று கூடும் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இதே கட்டிதான் எனக்கும். கிறுகிறுப்புக்குக் கொடுத்த மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். வேலைக்குப் போக அது இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறது. தொடரலாமா?

பதில்: சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை கடுமையான சுற்றலுக்குச் சில நாள் கொடுப்பவை. மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகிக்கொள்வதையே மந்தப்படுத்தும். தூக்கக் கலக்கம் தள்ளாட்டத்தைக் கூட்டும். நாள்பட்டால் கை நடுக்கம், உடல் விறைப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். தலையை அசைக்காமல் பொம்மை போல நடப்பதும் இதே தப்புதான், அதுவும் மூளையைப் பழகவிடாது.

கேள்வி: எனக்கும் இதே கட்டி. தள்ளாடுவதைப் பார்த்து, நான் குடித்துவிட்டு வருவதாக அலுவலகத்தில் பேச்சு. மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

பதில்: ‘கட்டி’ என்று ஆரம்பித்தால் அவர் காதில் மற்றதெல்லாம் ஏறாது. காது நரம்புக் கோளாறால் சமநிலை பாதிக்கப்பட்டிருக்கிறது, யோசிக்கும் திறனில் குறை இல்லை என்று இரண்டு வரி. கூடவே டாக்டர் கடிதம். பிறகு கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்: ஏணி வேலை வேண்டாம், நல்ல காது மற்றவர்கள் பக்கம் இருக்கும்படி இருக்கை, விட்டுவிட்டு மின்னாத விளக்கு, உருளாத நாற்காலி. பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நீங்கள் தள்ளாடும்போது பின்னாலிருந்து பாய்ந்து பிடித்தால் இன்னும் தடுமாறும். முன்னால் வந்து முழங்கையை நீட்டச் சொல்லுங்கள்.